தோட்டத்துக்கு வந்த பழைய ஜிப்சி

கொடைக்கானல் மலைப்பக்கம் தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி மழை பிடித்தால் அதில் சாதாரண கார் இறங்காது. அதனால் 2022இல் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடிக் கிளம்பினேன்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று 2014 மாடல் மஹிந்திரா தார் ஜீப், 2.5 லிட்டர் டீசல், ஆறேகால் லட்சம். இன்னொன்று 2008 மாடல் மாருதி ஜிப்சி, 1.3 லிட்டர் பெட்ரோல், இரண்டு லட்சத்து அறுபதாயிரம். டீசல்தான் லாபம் என்று எல்லாரும் சொன்னார்கள். நோட்டில் போட்டுப் பார்த்தேன். எனக்கு மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். தார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், ஜிப்சி 10 என்று வைத்தால், அன்றைய விலையில் மாத வித்தியாசம் 1,400 ரூபாய் சொச்சம். வருடத்துக்கு 17,000. விலையில் கூடக் கொடுக்கும் மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரத்தை எடுக்க 21 வருடம் ஆகும்! அதற்குள் நானே ஸ்கிராப்புக்குப் போயிருப்பேன்.

ஆனால் என்னைத் திருப்பியது அந்தக் கணக்கு இல்லை, வத்தலக்குண்டு மெக்கானிக். "அண்ணே, தாரு நல்ல வண்டிதான். ஆனா இன்ஜெக்டர், டர்போன்னு வந்தா ஸ்கேனர் இருக்கிற இடத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். ஜிப்சின்னா நான் பாத்துக்குவேன்" என்றார். சரி என்று ஜிப்சிப் பக்கம் சாய்ந்தேன்.

முதலில் பார்த்த ஜிப்சி கோவையில் ஒரு புரோக்கர் காட்டியது. பளபளவென்று பெயின்ட், அடியில் புதுக் கறுப்புப் பூச்சு. மெக்கானிக் படுத்துக்கொண்டே ஸ்பேனரால் சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தட்டிக்கொண்டு போனார். பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கு அருகே 'ணங்' என்ற சத்தம் 'தொப்' என்று மாறியது. பூச்சுக்கு உள்ளே துரு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு "வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். அத்தோடு அந்த வண்டி முடிந்தது. இரண்டாவதாகப் பார்த்து நாங்கள் வாங்கிய ஜிப்சியின் பெயின்ட் மங்கல்தான், ஆனால் சேஸி சுத்தம். ஃபோர் லோவில் (நான்கு சக்கரத்துக்கும் மெதுவான, இழுவை கூடிய கியர்) போட்டு மேட்டில் ஏற்றி, பாதியில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பார்த்தோம், கியர் நழுவவில்லை. அப்புறம்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

வாங்கியதும் டைமிங் பெல்ட், ஆயில்கள், முன் ஆக்சில் சீல் எல்லாம் மாற்றினோம். நான்கு டயர்களும் சேர்த்து 41,000 ரூபாய். அடுத்த வருடம் வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டி வந்தது. அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600இலிருந்து 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை விலை பேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.

மைலேஜில் என் கணக்கு பொய்த்தது. மலையில் எட்டரைக்கு மேல் கிடைக்கவே இல்லை. அந்த 21 வருடம் 12 வருடமாகச் சுருங்கிவிட்டது, என்ன செய்ய. சொகுசு என்று எதுவும் கிடையாது. பவர் ஸ்டியரிங் இல்லை, ஏசி இல்லை, நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். பின்னால் பக்கவாட்டு சீட்டில் ஒரு முறை வந்த என் மாமியார், இப்போதெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். ஆனால் ஒரு டன் கூட இல்லாத எடை, சேற்றில் தார் ஜீப் புதையும் இடத்தில் இது மிதந்து போகிறது.

மூன்று வருடத்தில் வழியில் நின்றது ஒரே முறை. கிளட்ச் கேபிள் பிரிந்துகொண்டிருப்பது தெரிந்தும், மிளகு மூட்டை போகட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். பண்ணைக்காட்டுக்கு முன்னால் ஒரு வளைவில் அறுந்தது. போன் செய்ததும் மெக்கானிக்கின் பையன் பைக்கில் புதுக் கேபிளோடு வந்துவிட்டான். கேபிள், கூலி, பைக்குக்குப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மூட்டைகள் அன்று சாயங்காலமே மண்டிக்குப் போய்விட்டன.