தின் கிளையன்ட் கொட்டேஷன்: மண்ணடி, ராயபுரம் அலுவலகங்கள் கவனிக்கவும்

"பழைய பிசி பதினைந்தையும் தள்ளிவிடுங்கள். ஒரே சர்வர், ஆளுக்கொரு தின் கிளையன்ட், செலவு பாதி." இப்படிச் சொல்லி மண்ணடியில் ஒரு கிளியரிங் (சுங்க அனுமதி வேலை பார்க்கும்) அலுவலகத்தின் தலையில் கட்டிய செட்டப் இது. தின் கிளையன்ட் என்பது வேலை முழுவதும் சர்வரிலேயே நடக்க, திரை, கீபோர்டை மட்டும் இணைக்கும் சின்னப் பெட்டி. அதே கொட்டேஷன் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கமும் வலம் வருகிறது.

முதல் நான்கு மாதம் பிரச்சினையே இல்லை. பிறகு ஒரு காலை யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. சரிபார்க்க வந்த டெக்னீஷியன் "வைரஸ்" என்று சொல்லி, சரிசெய்து, பணம் வாங்கிப் போனார். வைரஸ் எதுவும் இல்லை. விண்டோஸ் சர்வரில் பலர் ஒரே நேரத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தங்கள் இடத்திலிருந்தே சர்வரின் திரையில்) வேலை செய்ய ஆர்.டி.எஸ். கால் என்ற லைசன்ஸ் ஆளுக்கொன்று, அல்லது கருவிக்கொன்று வேண்டும். அது இல்லாமல் 120 நாள் ஓடும், அப்புறம் நிற்கும். அவர் செய்தது விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த நாள் கணக்கை அழித்தது மட்டுமே. அடுத்து, சர்வர் மணிக்கொரு முறை தானாக அணையத் தொடங்கியது. போட்டிருந்தது விண்டோஸ் சர்வரின் 180 நாள் இவாலுவேஷன் (சோதித்துப் பார்க்கும்) பதிப்பு. கெடு முடிந்தால் அது அப்படித்தான் செய்யும். மலிவு விலையின் ரகசியம் இவ்வளவுதான்: சர்வரைப் பயன்படுத்தவே வேண்டிய சாதாரண கால் லைசன்ஸ், ஆர்.டி.எஸ். கால் இரண்டுமே கொட்டேஷனில் இல்லை.

சர்வரை ஒப்படைக்கும் அன்றே கமாண்ட் ப்ராம்ப்டில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையை, ஓர் இடம் விட்டு, சாய்கோடு, எக்ஸ்.பி.ஆர். சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருப்பதாக வர வேண்டும். ஏதாவது ஒரு தேதியில் காலாவதி என்று வந்தால் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கிளியரிங் அலுவலகங்களை இன்னும் மோசமாகக் கடிப்பது யு.எஸ்.பி.யில் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். "சர்வரில் செருகிவிட்டால் எல்லோரும் ஐஸ்கேட்டில் கையெழுத்திடலாம்" என்பார்கள். (ஐஸ்கேட் சுங்கத் துறையின் இணையதளம்.) நடக்காது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தவருக்கு சர்வரில் செருகிய டோக்கன் தெரியாது, அவர் முன்னால் உள்ள கருவியில் செருகியதுதான் தெரியும். டோக்கனை விண்டோஸ் ஒரு ஸ்மார்ட் கார்டாகவே பார்க்கும். அதனால் தின் கிளையன்ட் ஸ்மார்ட் கார்டை சர்வருக்குக் கடத்தும் வசதி கொண்டதாக இருக்க வேண்டும், டோக்கனின் டிரைவரும் சர்வரில் இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்களில் இதைச் சோதிக்காமல் வாங்கவே வேண்டாம். டெமோவை அவர்கள் லேப்டாப்பில் பார்க்காதீர்கள். உங்கள் டோக்கன், உங்கள் டேலி டேட்டா, பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்போது பாருங்கள்.

மின்சார மிச்சக் கணக்கையும் நீங்களே போடுங்கள். பிசி 60 வாட், தின் கிளையன்ட் 15 வாட் என்று வைத்தால், பதினைந்து இருக்கைக்குப் பத்து மணி நேரத்தில் மிச்சம் 6.75 யூனிட். இருபத்துநான்கு மணி நேரமும் 250 வாட் இழுக்கும் சர்வர் மட்டுமே 6 யூனிட் தின்னும். அதற்கென ஓடும் ஏசியைச் சேர்த்தால் மிச்சம் எங்கே?

ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கில் வைப்பது) போட்டதாகச் சொன்னால், ஓடும்போதே டிஸ்கை மாற்றக்கூடிய ஹாட்ஸ்வாப் சர்வராக இருந்தால், டேட்டா ஏற்றும் முன் ஒரு டிஸ்கை ஓடும்போதே உருவிக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதியும் ஸ்மார்ட் விவரத்தில் இருக்கும். சர்வரின் மேல் ஒட்டியுள்ள சர்வீஸ் டேக் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி தேதி வந்துவிடும். புதியது என்று விற்ற பழைய சர்வர் அங்கேயே மாட்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் டேட்டாவை வெளி டிஸ்கில் எடுத்துவிடுங்கள். "ஃபார்மட் செய்து புதிதாகப் போட வேண்டும்" என்று பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சர்வர் டொமைன் கன்ட்ரோலராக (அலுவலகக் கணினிகளின் லாகின்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சர்வராக) இல்லாதவரை, முறையான கீ வாங்கி விண்டோஸிலேயே உள்ள டிஸ்ம் கட்டளையாலேயே இவாலுவேஷனை முழுப் பதிப்பாக மாற்றலாம்.