பெட்டிக்குள் யார் பேசுகிறார்கள்?

வரலாற்றைச் சொல்லும் கிராஃபிக் நாவல்களில் படத்தைப் போலவே நான் கவனிப்பது கேப்ஷன் பெட்டியை, அதாவது கதைசொல்லியின் வார்த்தைகள் வரும் கட்டத்தை. அதில் யார் பேசுகிறார்கள், அவர்களை எவ்வளவு நம்பலாம்? ‘பெர்சபொலிஸ்’, ‘ஃப்ரம் ஹெல்’, ‘மௌஸ்’ மூன்றும் மூன்று வழியில் போகின்றன. என் ஓட்டு ‘மௌஸ்’ பக்கம்.

படிக்கச் சுலபம் ‘பெர்சபொலிஸ்’தான். 1979 ஈரான் புரட்சியையும் அடுத்து வந்த போரையும் மர்ஜான் சத்ரபி தன் சிறுவயது நினைவுகளாகச் சொல்கிறார். பெட்டியில் திரும்பிப் பார்க்கும் மர்ஜான், பாத்திரங்கள் பேசும் பலூனில் பத்து வயது மர்ஜான். கடவுளும் மார்க்ஸும் ஒரே ஜாடை, மார்க்ஸுக்கு முடிதான் கொஞ்சம் கூடுதல் சுருட்டை என்று வரும் இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பெட்டி சொல்வதைப் படம் பெரும்பாலும் அப்படியே ஒப்புக்கொள்கிறது.

ஆலன் மூர் எழுதி எடி கேம்பல் வரைந்த ‘ஃப்ரம் ஹெல்’ நேர் எதிர். 1888இல் லண்டனில் ‘ஜாக் தி ரிப்பர்’ என்று பெயர் பெற்ற, பிடிபடாத கொலையாளி செய்த கொலைகள்தான் களம். இடம், நாள் போன்றவை தவிர கதை சொல்லும் பெட்டியே கிடையாது. எது ஆவணம், எது கற்பனை என்பதெல்லாம் பின்னிணைப்பில். பின்பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டேதான் படிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

‘மௌஸ்’ என்றதும், அதில் யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியர்களை பூனைகளாகவும் வரைந்திருப்பது பற்றித்தான் பேச்சு வரும். அதில் பேச்சுநடை செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. அதைப் படைத்த ஆர்ட் ஸ்பீகல்மனின் தந்தை விளாடெக், நாஜிகளின் யூதப் படுகொலையில் உயிர் தப்பிய போலந்து யூதர். நியூயார்க்கில் மகனிடம் அவர் பேசும் ஆங்கிலத்தில் சொற்கள் முன்னும் பின்னுமாக விழும். பெட்டிகளிலும் அதே தடுமாற்றம். போர்க்காலக் காட்சிகளின் பலூன்களிலோ அவர் பேச்சு சரளம். அங்கே அவர் பேசுவது சொந்த பாஷை அல்லவா!

ஓரிடத்தில், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வாசலில் கைதிகளின் இசைக்குழு வாசித்தது பற்றி மகன் கேட்கிறார். அணிவகுத்து நடந்ததுதான் ஞாபகம், இசைக்குழு எதுவும் இல்லை என்கிறார் அப்பா. முந்தைய கட்டத்தில் முழுதாகத் தெரிந்த குழுவை அடுத்ததில் கைதிகளின் வரிசை மறைத்துவிடுகிறது, வாத்தியங்களின் நுனிகள் மட்டும் எட்டிப்பார்க்கின்றன. அப்பாவின் சொல், மகன் படித்த ஆவணம், இரண்டையும் ஒரே படம் தாங்குகிறது. மற்ற இரண்டிலும் இப்படி ஒரு கட்டம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. அம்மா அன்யாவின் நாட்குறிப்புகளை அப்பா எரித்துவிட்டதால், அம்மாவின் பக்கக் கதை நமக்குக் கிடைப்பதே இல்லை. ஸ்பீகல்மன் இதைப் பூசி மெழுகவில்லை. அப்பாவைக் கொலைகாரன் என்று மகன் முணுமுணுத்தபடி போவதோடு முதல் பாகம் முடிகிறது.