பெரியவர்களின் முதல் ஸ்கேட்: ஜாக்சன் ஆர்ட்டிஸ்ட்

நாற்பது வயதைத் தாண்டி, பனியில் வழுக்கிச் சுழன்றும் தாவியும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வகுப்புக்குப் பணம் கட்டிய கையோடு சொந்தமாக ஒரு சோடி ஸ்கேட் வாங்கிவிடுங்கள். என் கணுக்காலுக்கு வலு போதாது என்று சொல்லிக்கொண்டு பாதியில் நின்றுவிட்ட பலரை ரொறன்ரோப் பனித்தளங்களில் பார்த்திருக்கிறேன். அநேகமாக அவர்களுடைய கணுக்காலில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஊரெல்லாம் போட்டு நைந்துபோன வாடகைச் சப்பாத்து யாருடைய கணுக்காலையும் தாங்காது. அதன் அடியில் இருக்கும் கத்திபோன்ற அலகு மழுங்கிப்போய்ப் பனியைப் பிடிக்கவும் செய்யாது.

வகுப்பில் என்னைவிட இளைய ஒரு தமிழ்ப் பெண், "அக்கா, எதை வாங்கலாம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். நான் போடுவது ஜாக்சன் நிறுவனத்தின் ஆர்ட்டிஸ்ட். ஒன்ராறியோ நிறுவனம் என்பதால் இங்கே எளிதாகக் கிடைக்கிறது. அலகு பொருத்தப்பட்டே வரும் தொடக்கநிலை மாதிரி. வரியோடு இருநூறு கனடிய டொலருக்குச் சற்று மேலே கொடுத்தேன். இத்தாலியின் எடியா, அமெரிக்காவின் ரிடெல் ஆகியவையும் நல்லவை என்று பெயரெடுத்தவை. ஆனால் என் அகலமான பாதத்துக்கு ஜாக்சனின் அகல அளவுதான் இசைந்தது.

இணையத்தில் அளவு பார்த்து வாங்காதீர்கள். ஸ்கேட்டுக்கென்றே இருக்கும் கடைக்குப் போய், இரண்டு பாதங்களையும் அளக்கச் சொல்லுங்கள். வெளியே போடும் சப்பாத்தைவிடச் சிறிய எண்தான் வரும்; அதைக் கண்டு தயங்க வேண்டாம். மெல்லிய காலுறை ஒன்று போதும். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கும்போது விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும். குதிகால் மட்டும் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. குதிகால் எழும்பினால் அந்தச் சோடி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் போன கடையில் சப்பாத்தைச் சூடாக்கி, என் காலில் கட்டி, ஆறும்வரை அசையாமல் உட்காரவைத்தார்கள். அதன் பிறகு கணுக்கால் எலும்பின் பக்கத்தில் இருந்த அழுத்தம் பெரும்பாலும் போய்விட்டது.

கட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. விரல்களுக்கு மேலே தளர்வாக, கணுக்கால் மடங்கும் இடத்தில் இறுக்கமாக, மேலே உள்ள கொக்கிகளில் மறுபடியும் சற்றுத் தளர்வாகக் கட்ட வேண்டும். உச்சிவரை இறுக்கிக் கட்டினால் முழங்கால் மடங்காது. முழங்கால் மடங்காமல் இந்தக் கலையில் எதுவுமே நடக்காது.

இனி அலகு. இதைப் பற்றித்தான் நான் ஆசையோடு பேசுவேன். அடிப்பக்கம் தட்டையானது என்று பலர் நினைக்கிறார்கள். குறுக்கே பார்த்தால் நடுவில் ஒரு மெல்லிய வாய்க்கால்போலக் குடைந்திருக்கும். அதன் இரு கரைகள்தான் உள்விளிம்பும் வெளிவிளிம்பும். நெடுக்கே பார்த்தால், 7 அல்லது 8 அடி ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டுபோல வளைந்திருக்கும். அந்த வளைவு இருப்பதால்தான் உடலைச் சாய்த்த பக்கம் கால் தானாக வட்டமடிக்கிறது. இதை முதன்முதலில் காலால் உணரும்போது வருகிற மகிழ்ச்சியை எந்த வயதிலும் தவறவிடக் கூடாது.

புதிய சோடியைத் தொழிற்சாலைக் கூர்மையோடு அப்படியே பனியில் இறக்காதீர்கள். முதல் கூர்தீட்டலைக் கேட்டுச் செய்வியுங்கள். வாய்க்கால்போன்ற அந்தக் குடைவின் ஆரம் அரை அங்குலம் என்பது தொடக்கக்காரருக்கு வழக்கமானது. எனக்கும் அதுதான் பொருந்தியது. ஆரம் குறையக் குறையக் குடைவு ஆழமாகும். பனியை அதிகம் கவ்வும். ஹாக்கி ஸ்கேட் மட்டுமே தீட்டிப் பழகியவரிடம் கொடுப்பதை நான் விரும்பவில்லை. ஃபிகர் ஸ்கேட் அலகின் முன்னால் இருக்கும் பற்களில் கீழ்ப்பல்லை அவர் தேய்த்துவிட்டால் சுழலும்போதும் தாவும்போதும் அந்த இழப்பு தெரியும். அந்தப் பற்கள் உந்துவதற்கானவையும் அல்ல. உந்தல் உள்விளிம்பிலிருந்து வர வேண்டும் என்று எங்கள் பயிற்றுநர் ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டுவார்.

வகுப்பும் நல்ல முறையில் நடந்தது. விழுவதும் எழுவதும் முதல் பாடம். பிறகு இரு கால் வழுக்கல், ஒற்றைக் கால் வழுக்கல், பாதங்களை விரித்து நிறுத்துவது, கால் குறுக்கிட்டு வட்டம் போவது. தலைக்கவசம் கட்டாயம், அது சரியான விதி. இடையில் பயிற்சிக்கு நகராட்சியின் திறந்தவெளித் தளங்கள் இலவசம். ரொறன்ரோ நகரமண்டபத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் மாலையில் கூட்டம் அதிகம், காலையில் போங்கள். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் உறவினர்களிடம், ஜெர்மனியின் ஓபெர்ஸ்டோர்ஃப் ஊரில் 2005 முதல் பெரியவர்களுக்கென்றே சர்வதேசப் போட்டி நடக்கிறது என்று நான் சொல்வதுண்டு. அங்கே எழுபது வயதுக்காரர்களும் ஆடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. தொடக்க வாரங்களில் சப்பாத்தின் நாக்குப் பகுதி முன்கணுக்காலை உறுத்தியது. பஞ்சுத் துண்டு வைத்துச் சமாளித்தேன். உடல் எடை கூடியவர்களுக்கு ஆர்ட்டிஸ்டின் விறைப்பு போதாது. குழந்தைக்குப் பல ஆண்டு தாங்கும் விறைப்பு வளர்ந்தவரின் எடையில் சீக்கிரம் மடிந்துவிடும். அவர்களும், ஒற்றைச் சுழற்சித் தாவல்களை மனதில் வைத்திருப்பவர்களும் கூடுதல் பணம் கொடுத்து அதே நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் மாதிரியைப் போட்டுப் பார்க்கட்டும்.

அலகுக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறை தளத்துக்கு வெளியே நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியபடியே பையில் வைத்தால் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். அலகைத் துடைத்துத் துணியுறை போட்டுவிடுங்கள். சப்பாத்தையும் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்துக் காயவிடுங்கள்.