எஸ்.எஃப்-88: ஏவுகணையை விட ரேடார் வண்டிக்காகவே போகலாம்

சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். பாலத்தைத் தாண்டி மரின் ஹெட்லேண்ட்ஸ் மலைக்குள் கொஞ்ச தூரம் போனால் எஸ்.எஃப்-88 என்ற ஏவுகணைத் தளம் இருக்கிறது. நைக்கி என்பது அமெரிக்க ராணுவத்தின் விமான எதிர்ப்பு ஏவுகணை வரிசை. சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வந்தால் அடித்து வீழ்த்த 1954 முதல் 1974 வரை தயாராக இருந்த இடம். தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது, கட்டணம் கிடையாது.

எல்லோரும் கூடுவது லிஃப்ட்டைச் சுற்றித்தான். தரையில் கதவு திறக்கிறது, பாதாளக் கிடங்கிலிருந்து 12 மீட்டர் நீள நைக்கி ஹெர்குலிஸ் ஏவுகணை படுத்தபடியே மேலே வருகிறது. அதைத் தண்டவாளத்தில் தள்ளி நிமிர்த்துவார்கள். நேர் செங்குத்தாக இல்லை, சுமார் 85 டிகிரிதான். எரிந்து முடிந்த பூஸ்டர், அதாவது முதலில் உந்தித் தள்ளிவிட்டுக் கழன்று விழும் பகுதி, தளத்தின் தலையிலேயே விழக் கூடாதே!

“மூக்குல கேமரா இருக்காப்பா?” என்று என் மகள் கேட்டாள். பக்கத்தில் நின்ற தன்னார்வலர் எங்களை ரேடார் வண்டிக்குக் கூட்டிப்போனார். அந்த ஏவுகணைக்குக் கண்ணே கிடையாது. ஒரு ரேடார் எதிரி விமானத்தையும் இன்னொன்று நம் ஏவுகணையையும் விடாமல் பின்தொடரும். இரண்டும் எங்கே சந்திக்கும் என்று தரையில் இருக்கும் அனலாக் கணினி (எண்களுக்குப் பதில் மின்னழுத்தங்களை வைத்து வேலை செய்யும் பழைய வகை) கணக்குப் போட்டு, ரேடியோ வழியாகத் திருப்பும். வெடி என்ற உத்தரவும் கீழேயிருந்துதான் போகும். இந்த ஒரு வண்டிக்காகவே நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

இங்கிருந்து ஒன்றைக்கூட ஏவியதில்லை. சோதனைகள் வேறு இடங்களில் நடந்தன. 1960-ல் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் ஹெர்குலிஸ், கார்ப்பரல் என்ற பாலிஸ்டிக் ஏவுகணையை (எறிந்த கல்லைப் போல வளைந்து வந்து விழும் வகை) வானிலேயே அடித்தது. அதற்கு அடுத்து வந்த நைக்கி ஜீயஸ் 1962 ஜூலையில் பசிபிக்கின் குவாஜலீன் தீவிலிருந்து கிளம்பி, கலிஃபோர்னியாவிலிருந்து ஏவிய அட்லஸ் என்ற கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு 2 கிலோமீட்டர் பக்கத்தில் போனது. அணுகுண்டு பொருத்தப்போகும் ஏவுகணை, நேராக மோத வேண்டியதில்லை என்பதால் அதையே வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். டிசம்பரில் இடைவெளி சுமார் 200 மீட்டராகக் குறைந்தது. இடைமறிப்புச் சோதனை வெற்றி என்று இன்று செய்தி வந்தாலும், எவ்வளவு பக்கத்தில், எதை வைத்து அடித்தார்கள் என்று பார்க்காமல் நான் நம்புவதில்லை. ஹெர்குலிஸிலும் அணுகுண்டு வைக்க முடியும். சொந்த ஊருக்கு மேலேயே அதை வெடிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள் என்பது அந்தக் கிடங்குக்குள் நிற்கும்போது நிஜமாகவே வயிற்றைக் கலக்குகிறது.

சரி, போகிறவர்களுக்கு: எல்லா நாளும் திறப்பதில்லை, பூங்கா இணையதளத்தில் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வழியில் ஒற்றைவழிச் சுரங்கத்தில் சிக்னல் ஐந்து நிமிடம் நிறுத்தும். கோடையிலும் கடல்காற்று குளிரும், ஜாக்கெட் வேண்டும். அப்புறம், அந்தக் காலத்தில் நைக்கி தளத்தில் வேலை பார்த்த யாராவது அன்று இருந்தால் லிஃப்ட்டைச் சீக்கிரம் பார்த்துவிட்டு அவரோடு ரேடார் வண்டியில் அரை மணி நேரம் உட்காருங்கள்.