‘சர்க்கரை சேர்க்காத’ சாமை வர்க்கி: குன்னூரில் நான் ஏமாந்த விதம்

குன்னூருக்கோ ஊட்டிக்கோ வருகிறவர்களும், என்னைப் போல இங்கேயே குடியிருப்பவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்.

எனக்கு வயது 52. மலையில் இருப்பவன் ஏறி இறங்கியே இளைத்துவிடுவான் என்று சமவெளியில் இருக்கும் உறவினர்கள் நினைக்கிறார்கள். நான் ஏறுவது மினி பஸ்ஸில்தான். குளிருக்கு நான்கு வேளை தேநீர், தேநீருக்குத் துணையாக, மைதாவில் அடுக்கடுக்காகச் சுடும் மொறுமொறு வர்க்கி. எடை 91 கிலோவைத் தொட்டதும் டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது அந்த வர்க்கியைத்தான். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவும் எல்லையில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வாரமே கடைவீதியில் ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. பச்சை அட்டை, சாமைக் கதிர்ப் படம், கீழே கொட்டை எழுத்தில் ‘சாமை–ராகி வர்க்கி. சர்க்கரை சேர்க்கப்படவில்லை. எடை குறைப்போருக்கு ஏற்றது.’ 200 கிராம் 180 ரூபாய். சாமை என்றதும் எனக்கு மனம் இளகிவிட்டது. பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். சாமைச் சோறு தின்று வளர்ந்தவர், இன்றைக்கும் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேறுவார். அந்தப் பாட்டியின் உடல்வாகு பாக்கெட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம். நாளைக்கு நான்கு வர்க்கி, குற்ற உணர்ச்சி துளியும் இல்லாமல். மறு பரிசோதனைக்குப் போனால் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது, சர்க்கரையும் ஏறியிருந்தது. “பேக்கரிப் பண்டம் தொடர்கிறதா?” என்றார் டாக்டர். நான் பெருமையாகப் பாக்கெட்டின் பெயரைச் சொன்னேன். “பின்பக்கத்தைப் படித்தீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

படிக்க முடிந்தால்தானே? சேர்பொருள் பட்டியலின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். கெட்டில் ஆவியில் காட்டி உரித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். மைதா, பாமாயில், நாட்டுச் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், அதற்கும் பிறகு சாமை மாவு 6%, ராகி மாவு 4%. எடையில் அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. ஆக நான் தின்றது மைதாவும் பாமாயிலும். சாமை, சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி ஓரமாக நின்றிருக்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் தூள். சர்க்கரை என்ற வரியில் பெரும்பாலும் கணக்கு வராது, ரத்தத்தில் மட்டும் சர்க்கரையை வேகமாக ஏற்றிவிடும்.

அடுத்தது சத்து அட்டவணை. 100 கிராமுக்கு 487 கிலோ கலோரி, கொழுப்பு 23 கிராம், மொத்தச் சர்க்கரை 21 கிராம். பக்கத்திலேயே ‘ஒரு முறை உண்ணும் அளவு 15 கிராம், சர்க்கரை 3 கிராம்’ என்று சாதுவாக ஒரு வரி. வீட்டுத் தராசில் வைத்தேன், ஒரு வர்க்கி 20 கிராம் இருந்தது. வர்க்கியில் கால்வாசியைப் பிட்டு வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்கிற மனிதரைக் குன்னூரில் நான் இதுவரை பார்த்ததில்லை. என் நான்கு வர்க்கிக்கு 390 கிலோ கலோரி, சர்க்கரை ஏறக்குறைய 17 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

கடைக்காரர் கையை விரித்தார். “சார், நாங்கள் வாங்கி விற்பவர்கள். கம்பெனியைக் கேளுங்கள்.” பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “நாட்டுச் சர்க்கரை இயற்கையானது சார், அது சர்க்கரைக் கணக்கில் வராது.” பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே அம்மா என்றேன். மேலதிகாரியிடம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்த மேலதிகாரி இன்னும் அழைக்கவில்லை.

நாட்டுச் சர்க்கரையும் கணக்கில் வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட வேண்டுமானால் எந்த வகைச் சர்க்கரையும், தேன், பாகு உட்பட, சேர்த்திருக்கக் கூடாது. ‘சுகர் ஃப்ரீ’ என்றால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

எனக்கு வர்க்கியின் மேல் கோபம் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊட்டி வர்க்கி தன்னை மருந்து என்று சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் தெரு பேக்கரிக்காரர், “டால்டா சார், இரண்டோடு நிறுத்துங்கள்” என்று வாய்விட்டே சொல்வார். இளைக்க நினைப்பவனின் கவலையையே சரக்காக்கி, அதே மைதாவை அதிக விலைக்கு விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அவர்களை நாவடக்கம் இல்லாதவர்கள் என்று திட்டுவது எளிது. நாவை அடக்க நினைத்தவனுக்கும் இந்தப் பாக்கெட்டைத்தான் நீட்டுகிறார்கள். தயாரிப்பாளர்களால் மாற்ற முடியாதா என்றால், முடியும். குளிர்பானச் சர்க்கரைக்கு வரி வரும் என்று பிரிட்டன் 2016இல் அறிவித்தது; 2018இல் அது அமலுக்கு வருவதற்குள்ளேயே பல நிறுவனங்கள் வரிக்குப் பயந்து சர்க்கரையைத் தாமாகவே குறைத்தன. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை மிகுந்த பாக்கெட்டின் முன்புறத்தில் கறுப்பு எண்கோண முத்திரை இருக்கிறது. இங்கே மலையேறும் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், நல்லதுதான். அதே வண்டியில் வரும் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

நீங்கள் வாங்கினால் 100 கிராம் கணக்கை மட்டும் பாருங்கள், ‘உண்ணும் அளவு’ வரியை நம்பாதீர்கள். ஸ்டிக்கர் பட்டியலை மறைத்தால் கடையிலேயே உரித்துக் காட்டச் சொல்லுங்கள். பில் வாங்குங்கள், நான் முதல் நான்கு வாரம் வாங்கவில்லை, அது என் தவறு. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளை நீங்களே ஆய்வுக்கு அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு இது பிறகுதான் தெரிந்தது.

அதனால் மறுபடி போய், சொல்லிவிட்டு, பில்லோடு இரண்டு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறேன். சீல் உடைக்காமல் பீரோவில் இருக்கின்றன. சாவி என் மனைவியிடம்.