பம்ப்செட் கொட்டகையில் ஈஎஸ்பி32: எந்த கேபிள் தாக்குப்பிடிக்கிறது?

பம்ப்செட்டை மொபைலில் ஓட்ட ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு) வைத்தவர்கள் "போர்டு போச்சு" என்று கொண்டுவருவதில் பலவும் கேபிள் கோளாறுதான். மலிவான சார்ஜர் ஒயர் சிலவற்றில் சிவப்பு, கறுப்பு என இரண்டே கம்பி. பச்சை, வெள்ளை டேட்டா கம்பிகள் கிடையாது. போர்டில் விளக்கு எரியும், ஆனால் புரோகிராம் ஏற்ற லேப்டாப்பில் காம் போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு) வராது. கடையிலேயே அந்த கேபிளில் போனை லேப்டாப்போடு மாட்டி, ஃபைல் மாற்றும் வசதி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டேட்டா போனாலும் கம்பி மெலிசாக இருந்தால் அடுத்த தலைவலி. 28 கேஜ் (எண் கூடக் கூட கம்பி மெலிசு) கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம், ஒரு மீட்டர் கேபிளில் போக, வர 0.42. வைஃபை கிளம்பும்போது ஈஎஸ்பி32 அரை ஆம்பியர் வரை இழுக்கும், அங்கேயே 0.2 வோல்ட் காலி. சாக்கெட்டும் தேய்ந்திருந்தால் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்தியை லேப்டாப்பில் காட்டும் இடம்) 'பிரவுன்அவுட்', அதாவது வோல்ட் குறைந்துவிட்டது, என்று வந்து போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். பவர் கம்பி 24 கேஜ், நீளம் அரை மீட்டர். இதற்கு மேல் நீளம் வேண்டாம், லேப்டாப்பைக் கிட்டே கொண்டுபோங்கள்.

டைப்-சி சாக்கெட் உள்ள மலிவு போர்டுகள் சிலவற்றில், 'கரன்ட் கொடு' என்று மறுமுனைக்குச் சொல்லும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருக்காது. இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளில் அவற்றுக்கு உயிரே வராது. ஒரு முனை டைப்-ஏ உள்ளது போதும்.

யூஎஸ்பி சாக்கெட்டே இல்லாத ஈஎஸ்பி32-கேம் (கேமரா உள்ள) போர்டுக்கு, லேப்டாப் யூஎஸ்பியை போர்டின் பின்களோடு இணைக்கும் தனி யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூல் தேவை. எஃப்டி232 சிப் உள்ள மாட்யூலில் ஜம்பரை (வோல்ட்டை மாற்றும் சின்ன செருகி) 5 வோல்ட்டில் வைத்தால் சிக்னலும் 5 வோல்ட் ஆகிவிடும், ஈஎஸ்பி32 பின்கள் அதைத் தாங்க வடிவமைக்கப்பட்டவை அல்ல. 3.3-க்கு மாற்றினாலோ அந்தச் சிப்பின் 3.3 வோல்ட் முனை 50 மில்லி ஆம்பியர்தான் தரும், போர்டுக்கு அது போதாது. அதனால் 5 வோல்ட்டுக்குத் தனி முனையும் 3.3 வோல்ட் சிக்னலும் உள்ள சிபி2102 மாட்யூலே இந்த வேலைக்கு நல்லது. மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) போர்டின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு. போர்டின் ஜிபிஐஓ0 பின்னை கிரவுண்டோடு சேர்த்து ரீசெட் அழுத்தினால்தான் புரோகிராம் ஏறும். ஏறியதும் அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி ரீசெட். ஏறும்போது இடையில் அறுந்தால் அனுப்பும் வேகத்தை 921600-லிருந்து 115200-க்கு இறக்குங்கள்.

கொட்டகைக்குள் விஷயமே வேறு. மோட்டாரை ஓடவிடும் காந்த சுவிட்சான கான்டாக்டர் இழுக்கும் நொடியில் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோவது உண்டு. மோட்டாரை நிறுத்தி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டி ஏற்றுவதே வழி. கன்ட்ரோலருக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத கெப்பாசிட்டர் டிராப்பர் சப்ளை என்றால், மெயினை இறக்காமல் கேபிளைத் தொடவே கூடாது: யூஎஸ்பி கிரவுண்டிலேயே 230 வோல்ட் இருக்கலாம், லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் ஆபத்து குறையாது. ஐசோலேட்டட் சப்ளையிலிருந்து (மெயினோடு நேரடித் தொடர்பு இல்லாதது) போர்டுக்குத் தனியே 5 வோல்ட் வந்தால் மாட்யூலின் 5 வோல்ட் கம்பியை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் மாட்டுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் பிளக் முனைகள் பச்சை பூத்துவிடும். கேபிளை போர்டிலேயே தொங்கவிடாமல் ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாட்டும் முன் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்த பிறகு சொருகினால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இணைப்பு நிற்கும்.