களவாவும் சீலாவும்

மன்னார் வளைகுடாவில் களவா (குரூப்பர்), சீலா (பாரகுடா) என்ற இரண்டு மீனும் உண்டு, பிழைப்புதான் வேறு. சீலா ஈட்டி மாதிரி. அசையாமல் மிதந்து, சட்டென்று பாய்ந்து, கத்திப் பற்களால் இரையைத் துண்டாக்கிவிடும்.

களவா பாறையிடுக்கில் காத்திருக்கும். மீன் அருகில் வந்ததும் வாயை அகலத் திறக்கும். தண்ணீரோடு மீனும் உள்ளே போய்விடும். ராட்சதக் களவா இரண்டரை மீட்டரையும் தாண்டி வளரும். செங்கடலில் ஒரு வகைக் களவா, மோரே விலாங்கின் பொந்துக்கு முன்னால் தலையை ஆட்டி அதை வேட்டைக்குக் கூப்பிடுகிறது! என் மனசு களவா பக்கம்தான்.

ஆனால் கவலையும் அதன்மேல்தான். பல களவாக்கள் பெண்ணாக வளர்ந்து, பிறகே ஆணாக மாறும். பெரிதாகப் பார்த்துப் பிடித்தால் ஆண்கள்தான் குறையும். சீலாவுக்கு இந்தப் பால்மாற்றம் கிடையாது.